பெயர் மாறிய மீன்



ஒரு பொருளின் மதிப்பை அதன் பெயரே உயர்த்திவிடுவதுண்டு. தென்கடலில் வாழும் ஒரு மீனின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தென் அமெரிக்காவின் தென்கோடி முதல் கெர்கெலன், ஹெர்ட் தீவுகள் வரையிலுள்ள குளிர்ந்த கடல்களில் வாழ்வது பட்டகோனியப் பல்மீன். கூரிய பற்களை உடையதாதலின் இப்பெயர் பெற்றது. இளமையில் ஆழம் குறைந்த நீரில் திரியும். முதிர்ந்தபின் 1,000 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும், 100 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் எய்துவதுண்டு. மீன்கள் பலவற்றுக்கும் உள்ள காற்றுப்பை இதற்கு இல்லை. உடலில் நிறைந்துள்ள கொழுப்பே இதற்கு மிதவையாக உதவுகிறது. அக்கொழுப்பே சதைக்கு மென்மையையும் சுவையையும் தந்து, மீனுக்குப் பகையாகவும் முடிந்தது.

1977-ஆம் ஆண்டில் லீ லான்ட்ஸ் என்ற அமெரிக்க மீன் வணிகர் சிலி நாட்டில் இதனைக் கண்டார். பல்மீன் என்றால் விரும்பி வாங்குவார் யார்? 'சிலியன் ஸீ பாஸ்' என்று புதுப்பெயர் சூட்டினார். உண்மையில் இது பாஸ் இனத்தைச் சேர்ந்ததன்று. எனினும் பெயர் வென்றது. 1990-களில் பெரிய உணவு விடுதிகளில் இதற்குப் பெருங்கிராக்கி ஏற்பட்டது.

ஆனால் இம்மீன் மெல்ல வளர்வது. இனம் பெருக்கும் பருவத்தை எய்தச் சுமார் 10 ஆண்டுகள் ஆகும். 50 ஆண்டுகள் வாழ்வதும் உண்டு. ஒரு நாளில் வாரியதை ஈடு செய்யப் பல்லாண்டு வேண்டும். இதனைக் கருதாத கள்ளக் கப்பல்கள் தென்கடலைச் சூறையாடின. அவை வீசிய ஆயிரங்கால் தூண்டில்களின் இரையைக் கொத்த வந்த அல்பட்ராஸ் பறவைகளும் எண்ணிறந்து மாண்டன.

'தண்டர்' என்ற கள்ளக் கப்பலை 2014 டிசம்பரில் தென்கடலில் கண்ட கடற்பாதுகாப்புத் தொண்டர்கள், 110 நாட்கள் விடாது பின்தொடர்ந்தனர். 2015 ஏப்ரலில் அது ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் மூழ்கிற்று. அதன் மாலுமிகளைக் காத்தவர்கள், துரத்தி வந்த அத்தொண்டர்களே!

1982-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி அமைந்த அண்டார்க்டிகக் கடல் உயிர்வள ஆணையத்தில் நமது இந்தியாவும் உறுப்பு நாடு. மீனைப் பிடித்த இடத்தைக் கூறும் சான்றுச்சீட்டை 2000-ஆம் ஆண்டில் அது கட்டாயமாக்கியது. தூண்டிலை இரவில் விடுதல், விரைந்து அமிழ எடை கட்டுதல் முதலிய விதிகளால் பறவைகளின் அழிவும் பெரிதும் குறைந்தது.

பெயரை மாற்றலாம், மீன் வளரும் வேகத்தை மாற்ற இயலாது. அது வளரும் அளவறிந்து பிடித்தால்தான் நாளையும் கடலில் மீன் இருக்கும்.