பிரம்புக் கதிரையை எறிய வேண்டாம்



கதிரை என்ற சொல்லே போர்த்துக்கேயர் நமக்குத் தந்ததுதான். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, 1658இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்தார்கள். சொல் மட்டும் நம்மோடு நின்றுவிட்டது. விறாந்தையில் பிரம்பு பின்னிய சாய்மனைக் கதிரை கிடந்த வீடுகள் எத்தனை! 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, சைக்கிளில் கதிரையைக் கட்டி வர முடிந்ததா?

இங்கே சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வீதியோரக் கழிவுக் குவியலில், மரம் உறுதியாக, இருக்கை மட்டும் கிழிந்த பிரம்புக் கதிரைகள் கிடக்கும். எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். சட்டத்தைச் சுற்றித் துளைகள் இருந்தால் கையால் பின்னியது. துளைகளுக்குப் பதிலாகத் தவாளிப்பு ஓடினால், ஆயத்தப் பின்னலை உள்ளே இறுக்கியது. அது இலகுவான வேலை.

கைப்பின்னலுக்குப் பொறுமை வேண்டும். பிரம்புத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, பளபளப்பான பக்கம் மேலே இருக்கப் பிடியுங்கள். முதலில் முன்பின்னாக ஒரு வரிசை, அதன்மேல் குறுக்காக ஒன்று, மறுபடி முன்பின்னாக. இதுவரை பின்னலே இல்லை. நான்காவது, குறுக்கு வரிசையில்தான் மேலும் கீழுமாகக் கோர்க்கத் தொடங்குகிறோம். பிறகு மூலைவாட்டாக இரண்டு. அந்த இழை சோடிகளுக்கு இடையில் வழுக்கிப் போகவேண்டும். தடக்கினால் முறை மாறிவிட்டது. அப்படியே விட்டால் உராய்ந்து அறுந்துவிடும். சரியாக வந்தால் எண்கோணக் கண்கள் தெரியும். ஓரத்தில் அகன்ற பிரம்பை வைத்துக் கட்ட, துளைகள் மறையும். காயும்போது தானாக இறுகும், ஆகவே அளவுக்கு மீறி இழுக்காதீர்கள்.

வீட்டில் பனையோலைப் பெட்டி இழைத்த அம்மம்மா இருக்கிறாரா? அவரைக் கூப்பிடுங்கள். எது மேலே, எது கீழே என்று இந்தக் கணக்கை நம்மைவிட அவர் விரைவாகப் பிடித்துவிடுவார். நாள் முழுக்கச் சும்மா இருக்கிறேன் என்று சலிப்பவருக்கு நல்ல வேலையும் கிடைக்கும். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்து இழையை நனைத்துக் கொடுக்கட்டும்.

பிரம்பு அறாமல் தொய்ந்து மட்டும் இருந்தால் பின்னவே வேண்டாம். அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்து, இரவு முழுக்கக் காயவிடுங்கள்.

ஊரிலிருந்து அப்பப்பாவின் கதிரையை இறக்குவோர் கவனியுங்கள்: மரப் பொருளையும் பிரம்பையும் அவுஸ்திரேலிய எல்லையில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். பூச்சி கண்டால் மருந்தூட்டச் சொல்லக்கூடும். ஏற்றுமுன் ஊரிலேயே நன்றாகப் பார்த்துவிடுங்கள்.