சிரித்த முகமும் வலித்த முதுகும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மேடையில் நான் கேள்வி கேட்பவள். இன்று பதில் சொல்ல வந்திருக்கிறேன். எனக்காக ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும், நான் நின்றுகொண்டே பேசுகிறேன். நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் என் இடது கால் எனக்குப் பழைய கதையை நினைவுபடுத்தி விடும். அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். நான் மருத்துவர் அல்ல. வெகுஜனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து, கேமராவுக்கு முன் பேசிப் பிழைப்பவள். என் இடுப்பு ஜவ்வு பாதிக்கப்பட்டதால் கொஞ்சம் படித்தேன், நிறைய அனுபவப்பட்டேன். உலகில் 2020-ஆம் ஆண்டில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே இந்த அரங்கத்திலும் எனக்குத் துணையாகச் சிலர் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பெட்டியைத் தூக்கிய அந்த இரவு

2022 செப்டம்பர் மாதம். தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிக்காக ஈப்போவில் படப்பிடிப்பு. காலையிலிருந்து குதிகால் உயர்ந்த காலணியில் நின்றேன். முடிந்ததும் எங்கும் நிறுத்தாமல் 200 கிலோமீட்டர் காரோட்டிக் கோலாலம்பூர் வந்து சேர்ந்தேன். வீட்டு வாசலில் இறங்கி, காரின் பின்பக்கம் இருந்த உடைப் பெட்டியைக் குனிந்து, இடுப்பைத் திருப்பி, ஒரே இழுப்பாகத் தூக்கினேன். 15 கிலோகூட இருக்காது. இடுப்பில் ஏதோ சுண்டியது போல் இருந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் பல் துலக்கக் குனிய முடியவில்லை. தும்மினால் உயிர் போனது. மூன்றாம் நாள் வலி கீழே இறங்கியது. பிட்டம், தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால், பாதத்தின் வெளிப்பக்கம், சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போல் ஒரு வலி. இடது காலில் நுனிவிரலை ஊன்றி எழும்ப முடியவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? தொகுப்பாளர் வேலை ஒப்பந்த வேலை. நிகழ்ச்சி உண்டென்றால் சம்பளம், இல்லையென்றால் இல்லை. "அந்தப் பொண்ணுக்கு முதுகு சரியில்லையாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால், அடுத்த நிகழ்ச்சிக்கு வேறு ஒருவரைக் கூப்பிடுவார்கள். ஆகவே மாத்திரையைப் போட்டுக் கொண்டு சிரித்தேன். விளம்பர இடைவேளையில் அரங்கத் திரைக்குப் பின்னால் தரையில் படுத்துக் கொள்வேன். "இன்னும் ஒரு நிமிஷம்" என்று குரல் வந்ததும் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் சிரிப்பேன். அந்த நிகழ்ச்சியைப் பார்த்த நேயர்கள், நான் அழகாக இருந்ததாகக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள்!

ஆறு வாரப் படுக்கை

எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? தீபாவளி முடிந்ததும் விழுந்தேன். நம்மவர்களுக்கு நோய் வந்தால் மருத்துவர்களுக்கா பஞ்சம்? ஒருவர் பலகையில் படுக்கச் சொன்னார். ஒருவர் சுடச்சுட எண்ணெய் தடவச் சொன்னார். சுளுக்கு எடுக்கும் ஒருவர் என் காலைப் பிடித்து இழுத்த இழுப்பில், இருந்த வலி இரண்டு மடங்கானது.

பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தேன். எல் ஐந்து, எஸ் ஒன்று என்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தவுடன், என் முதுகு இனி அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். யாரும் சொல்லாமலேயே ஆறு வாரம் படுத்துக் கிடந்தேன். அசைந்தால் ஜவ்வு இன்னும் வெளியே வந்துவிடும் என்று பயம்.

அப்போது என் மகளுக்கு மூன்று வயது. ஒரு நாள் பக்கத்து வீட்டுக் குழந்தை என் படுக்கையில் ஏற வந்தது. என் மகள் அதைத் தடுத்து, "எங்கம்மாவைத் தொடாதே, உடைஞ்சிடும்" என்றாள். அதைக் கேட்டபோது வலித்த வலி எந்த எம்.ஆர்.ஐ. படத்திலும் தெரியாது.

கொழுக்கட்டையும் ஜவ்வும்

நேயர்களே, இந்த ஜவ்வு என்பது என்ன? நம் இடுப்புப் பகுதியில் ஐந்து முதுகெலும்புகள் இருக்கின்றன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை போல் இருப்பதுதான் டிஸ்க். பூரணக் கொழுக்கட்டையை நினைத்துக் கொள்ளுங்கள். வெளியே உறுதியான மாவு, உள்ளே மெதுவான பூரணம். ஒரு பக்கம் அழுத்தினால் பூரணம் மறுபக்கம் தள்ளும். மாவில் விரிசல் விட்டால் வெளியே எட்டிப் பார்க்கும். அது நரம்பின் மேல் பட்டால் கால் வரை வலி. "ஜவ்வு விலகிவிட்டது" என்கிறோம். உண்மையில் அது சோப்புக் கட்டி போல் வழுக்கி ஓடுவதில்லை. எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. பிதுங்குகிறது, அவ்வளவுதான்.

இரவில் நாம் படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்புகிறது. அதனால்தான் காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கிறோம். உப்பிய ஜவ்வை எழுந்தவுடன் குனிந்து அழுத்தக் கூடாது. வாளி தூக்குவது, துணி அலசுவது, பிள்ளையைக் கட்டிலிலிருந்து தூக்குவது எல்லாம் ஒரு மணி நேரம் பொறுக்கட்டும்.

கேட்க வேண்டிய கேள்வி

என்னை எழுப்பியவர் பிசியோதெரபி பிரிவில் பணிபுரியும் ஒரு மலாய்ச் சகோதரி. என் எம்.ஆர்.ஐ. படத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். படத்தை மேசையில் வைத்துவிட்டு, "எதைச் செய்ய உங்களுக்குப் பயம்?" என்று கேட்டார். இத்தனை நாளில் அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். "குனிய, தும்ம, மகளைத் தூக்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் சொல்லித்தான் பிறகு தேடிப் படித்தேன். 1994-ஆம் ஆண்டு அமெரிக்காவில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எல்லா ஜவ்வும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினர் மட்டுமே! பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு ஜவ்வு பிதுங்கியிருந்தது. அவர்கள் பாட்டுக்கு வேலைக்குப் போய்வந்து கொண்டிருந்தார்கள். ஆக, படத்தை மட்டும் வைத்து ஒருவரின் வாழ்க்கையை எடை போட முடியாது.

1999-இல் நெதர்லாந்தில், கால் வரை வலி பரவிய 183 பேரில் ஒரு பாதியினரை இரண்டு வாரம் படுக்க வைத்தார்கள். மறுபாதியினரை முடிந்தவரை நடமாட விட்டார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பிலும் 87 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். படுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. பிதுங்கிய பகுதியைப் பலருக்கு உடம்பே மெல்ல மெல்லக் கரைத்து விடுகிறது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

அப்படியென்றால் அறுவைச் சிகிச்சை வேண்டாமா? அப்படி நான் சொல்லவில்லை. அதே நெதர்லாந்தில் 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவாகக் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பினரும் ஏறக்குறைய சமமாகவே இருந்தார்கள். பொறுத்திருந்து பார்க்கலாம் என்றவர்களிலும் 39 விழுக்காட்டினருக்குப் பிறகு அறுவை தேவைப்பட்டது. இது மருத்துவரோடு உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி எடுக்கும் முடிவு அல்ல.

சிறுகச் சிறுக

நான் என்ன செய்தேன்? முதல் வாரம் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை நடந்தேன். வீட்டுக் கூடத்திலேயேதான். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மெதுவாக நெஞ்சை உயர்த்தும் பயிற்சி எனக்கு ஒத்துக் கொண்டது. எல்லாருக்கும் அது ஒத்துக் கொள்ளாது. வலி காலிலிருந்து இடுப்பை நோக்கி மேலே ஏறினால் நல்ல அறிகுறி, காலில் இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்று அந்தச் சகோதரி சொல்லித் தந்தார். பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றிப் படுக்கையிலிருந்து எழக் கற்றேன். பொருளைத் தூக்கும்போது உடம்போடு ஒட்டி வைத்து, முழங்காலை மடக்கித் தூக்கக் கற்றேன். திரும்ப வேண்டுமானால் பாதத்தையும் சேர்த்துத் திருப்புகிறேன். இப்போது ஈப்போவிலிருந்து வந்தால் தாப்பா ஓய்விடத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்காமல் காரை எடுப்பதில்லை.

நேர்கோட்டில் குணமானேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் தேறியதும் மகளைத் தூக்கிப் பார்த்தேன். வலி பழையபடி திரும்பியது. எல்லாம் போச்சு என்று அழுதேன். "வலி ஏறும், இறங்கும். இன்றைக்கு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்" என்றார் அவர். 2023 தைப்பூசத்தில் பத்துமலை நேரலைக்கு என்னால் போக முடியவில்லை. நிலையத்தில் இருந்தபடி பேசினேன். 2024 ஜனவரி 25, தைப்பூசத்தன்று 272 படிகளையும் ஏறினேன். நடுவில் நான்கு முறை நின்றேன். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பரவாயில்லை.

அம்மாவின் நடை

இனி சொல்லப் போவது என் கதை அல்ல, என் அம்மாவின் கதை. அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் படுத்துக் கிடந்தபோது ஒரு நாள், "ஏம்மா, நாங்கல்லாம் காண்டா வாளி தூக்குனோம். இப்படியா படுத்துக் கெடந்தோம்?" என்று கேட்டுவிட்டார். எனக்குக் கோபம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் இரவு அவரே வந்து என் காலடியில் உட்கார்ந்தார். நான் மூன்றாம் ஆண்டு படித்த சமயம், மழைக்காலத்தில் பால் வாளியோடு சறுக்கி விழுந்தாராம். மூன்று நாள் எழ முடியவில்லை. காலை நீட்டினால் மின்னல் மாதிரி வலி. பிரட்டுக்குப் போகாததால் சம்பளம் வெட்டு. "நடிக்கிறா" என்று லயத்திலேயே பேசினார்களாம். நான்காம் நாள் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக் கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அன்று முதல் அவருடைய இடது பாதம் லேசாக இழுக்கும்.

நேயர்களே, அம்மாவின் நடையே அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த நடைக்குப் பின்னால் நடந்திருக்கிறேன். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. நான் கேமராவுக்கு முன் மறைத்ததும், அவர் தோட்டத்தில் மறைத்ததும் ஒரே காரணத்துக்காகத்தான். சொன்னால் நம்ப மாட்டார்கள், நம்பினால் வேலை போய்விடும்.

உங்களிடம் கேட்பது

வலிக்கு ரத்தம் இல்லை, கட்டு இல்லை. அதனால் அது பொய்யாகி விடாது. வீட்டில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக் கொண்டு எழுந்தால், "சோம்பேறி" என்று சொல்லுமுன் ஒரு கேள்வி கேளுங்கள். முதலாளிமார்களே, நின்றே வேலை செய்பவருக்கு ஒரு நாற்காலியும், உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு எழுந்து நடக்க ஐந்து நிமிடமும் கொடுங்கள். என்னைப் போல் சுயமாகத் தொழில் செய்பவர்களே, சுயதொழில் செய்பவர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது. சொக்சோவில் விசாரித்துப் பதிந்து கொள்ளுங்கள். நான் பதியாமல் இருந்தேன். அந்த மாதங்களில் சேமிப்பு முழுவதும் கரைந்தது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப் போனால், சிறுநீர் வராமல் போனாலோ கட்டுப்பாடின்றி வெளியேறினாலோ, மலம் அடக்க முடியாவிட்டால், இரண்டு கால்களும் வலுவிழந்தால், பாதம் தொங்கத் தொடங்கினால், மறுநாளுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதுகு வலியோடு காய்ச்சல் இருந்தாலும், கீழே விழுந்த பிறகு வலி வந்தாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த நிலையில் எண்ணெய் தேய்க்காதீர்கள், சுளுக்கு எடுக்காதீர்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். என் சுவரில் இன்னும் ஒரு விரிசல் இருக்கிறது. சுண்டுவிரல் இன்றும் பாதி மரத்துத்தான் கிடக்கிறது. அதோடு வாழப் பழகிவிட்டேன். மகளை இப்போது தூக்க முடியாது, அவள் வளர்ந்துவிட்டாள். அவளே வந்து மடியில் உட்கார்ந்து கொள்கிறாள். காலையில் பசியாறுமுன் நானும் அம்மாவும் அரை மணி நேரம் நடக்கிறோம். அவருடைய பாதம் இழுக்கும். நான் வேகத்தைக் குறைத்துக் கொண்டு பக்கத்திலேயே நடக்கிறேன்.