தேரூர் குளக்கரையில் ஒரு காலை நடை



நான்கு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் வண்டி பிடித்துப் போகிற இடங்களில் கல்லாறும் ஒன்று. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் பாதையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் வரும் ஊர். உருண்டைக் கற்கள் மேல் தெளிந்த தண்ணீர் ஓடும். கொஞ்சம் காட்டுக்குள் நடந்தால் மீன்முட்டி அருவி. அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் ஓடையைக் கடக்க வேண்டும், வேரையும் பாறையையும் பிடித்து ஏற வேண்டும், பாசி வழுக்கும். போய்வந்த என் வயதுக்காரர்கள் முதலில் அருவியைப் பற்றிச் சொல்வார்கள், அடுத்த வரியிலேயே முட்டு வலியைப் பற்றிச் சொல்வார்கள்.

முட்டுக்கு வேலை வைக்காத ஒரு நடையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதற்கு எல்லை தாண்ட வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற சாலையில் சுசீந்திரம் குளத்தைப் பார்க்காமல் யாரும் போயிருக்க முடியாது. பார்த்திருப்பீர்கள், இறங்கியிருக்க மாட்டீர்கள். பக்கத்திலேயே தேரூர் குளம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த அதே தேரூர். இந்தக் குளங்களும், பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலும் சேர்ந்து 2015இல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு 2022இல் ராம்சார் தகுதியும் கிடைத்தது. ஈரான் நாட்டு ராம்சார் நகரத்தில் 1971இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, உலக அளவில் முக்கியமானவை என்று பட்டியலில் ஏறிய நீர்நிலைகள் இவை. பரப்பு 94 ஹெக்டேர் சொச்சம்தான். பெரிய ஏரிகளோடு ஒப்பிட்டால் சின்ன இடம். நடக்க வருகிறவருக்கு அந்தச் சின்ன அளவுதான் வசதி.

நான் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். பிள்ளைகளை இந்தக் கரைகளுக்கு அழைத்துவந்த காலத்தில் ஒவ்வொரு தடவையும் கேட்கிற முதல் கேள்வி, "டீச்சர், எவ்வளவு தூரம் நடக்கணும்?" நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிக்காது. "முக்கால்வாசி நேரம் நிற்கணும் மக்களே."

குளக்கரை நடையே அப்படித்தான். காட்டில் நாம் நடந்து நடந்து பறவையைத் தேடுகிறோம். குளத்தில் எல்லாம் கண்ணுக்கு முன்னால் திறந்து கிடக்கிறது. கரையில் நாம் அசைகிற வரைக்கும் பறவைகள் நம்மைவிட்டு விலகிக்கொண்டே இருக்கும். ஓர் இடத்தில் பேசாமல் கால் மணி நேரம் நின்று பாருங்கள், விலகிப்போனவை ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். முதலில் மடையான் வரும். எல்லாவற்றிலும் துணிச்சல்காரன் அவன்.

நிற்கும்போது தண்ணீரையும் பாருங்கள். நம் குளங்கள் பள்ளமான பக்கத்தில் மண்கரை போட்டுக் கட்டியவை. மடை இருக்கிற பக்கம் ஆழம், எதிர்ப்பக்கம் போகப் போகச் சமதளமாகி வயலோடு கலந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ள நீங்கள் குளத்தில் இறங்க வேண்டாம், பறவைகளே அளந்து காட்டும். முக்குளிப்பானும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முங்கி எழுகிற இடம் ஆழம். கூழைக்கடா மிதந்துகொண்டே பையை விரித்து மீன் அள்ளுவது நடுத்தண்ணீர். மஞ்சள் மூக்கு நாரை நிற்கிற இடத்தில் நமக்கு முட்டளவுக்கும் குறைவாகத்தான் இருக்கும். நெடுங்கால் உள்ளான் அதைவிட மேடான இடத்தில் நிற்கும். மார்ச் மாதம் தண்ணீர் வற்ற வற்ற இந்த வரிசையெல்லாம் குளத்தின் நடுவை நோக்கி நகரும். என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இதை மட்டும் வைத்துக்கொண்டு குளத்தின் ஆழப் படம் ஒன்று வரைந்துவிட்டாள். மடைக்குப் பக்கத்தில் வயல் வைத்திருந்த அவளுடைய தாத்தா அதைப் பார்த்துவிட்டு, "சரிதான், இதுக்கா படிப்பு?" என்றாராம்.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைந்தது அதனால்தான். குளம் நிரம்புவதும் வடிவதும் அந்தச் சாகுபடியோடு சேர்ந்தே நடந்தது, பறவைகளும் அதற்கேற்பவே வந்து போயின. வடகிழக்குப் பருவமழை முடிந்து தை, மாசியில் போனால் வடக்கே ஆசியாவின் குளிரிலிருந்து வந்த நீலச்சிறகி வாத்துகளும், தண்ணீர் மேல் தாழப் பறக்கும் மீசை ஆலாக்களும் இருக்கும். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று மேலே வட்டமடித்தால் போதும், குளமே ஒரேயடியாக எழுந்து அமரும்.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். வானொலி நிலையத்தார் கொடுத்த நேரத்தில் பாதியை இதற்கே எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாமரைக்கோழி. இலைக்கோழி என்றும் சொல்வார்கள். இரண்டு வகை உண்டு. உடம்பு கறுப்பும் சிறகு வெண்கல நிறமுமாய், கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு போட்டது ஒன்று. மற்றது நீளவால் வகை. முட்டையிடும் பருவத்தில் பிடரி பொன்மஞ்சளாக மின்னும், வால் அரிவாள் மாதிரி வளைந்து நீளும். அந்த வால் தை மாதத்தில் இருக்காது, உதிர்ந்திருக்கும். "டீச்சர், புத்தகத்துல வால் இருக்கு, இதுல இல்லையே" என்று பிள்ளைகள் குறைப்படுவார்கள். வால் வேண்டுமென்றால் ஆடி, ஆவணியில் வர வேண்டும்.

இதன் கால் விரல்களைப் பாருங்கள். உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளம். எடை பல பக்கம் பிரிந்துவிடுவதால் தாமரை இலை அமிழ்வதற்குள் அடுத்த இலைக்குப் போய்விடுகிறது. கூடும் இலை மேல்தான், நாலு தண்டைக் கிழித்துப் போட்ட மாதிரி ஒரு மிதவை. நீளவால் வகையில் வழக்கமாக நான்கு முட்டைகள், பம்பரம் போல ஒரு பக்கம் கூம்பி, மெருகேற்றிய வெண்கலம் மாதிரி பளபளக்கும்.

ஒரு தடவை தேரூர்க் கரையில் நின்று, குஞ்சுகளோடு போகிற பறவையைக் காட்டி, "தாய் எவ்வளவு கவனமாக இருக்கிறது பாருங்கள்" என்று ஒரு மாணவி தன் தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தாமரைப் பூ பறித்துக் கரையேறிய பெரியவர் ஒருவர், தலையில் துண்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்துவிட்டு, "பிள்ளே, அது தள்ளை இல்லே, தகப்பன்" என்றார். எந்தப் பாடப்புத்தகமும் அவர் படித்ததில்லை. பூப்பறிக்கிற நேரத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அவர் சொன்னதுதான் உண்மை. இந்த இரண்டு வகையிலும் பெண் பறவை உருவில் பெரியது. எல்லையைக் காவல் காப்பது அது. ஓர் ஆணுக்கு முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். நான்கு வாரம் போல அடைகாப்பதும், பொரித்த குஞ்சுகளை மழையிலும் வெயிலிலும் சிறகுக்குள் அணைத்து வளர்ப்பதும் ஆண். தண்ணீர் ஏறினால் முட்டையை அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அணைத்து வேறு மிதவைக்கு நகர்த்துவதும் அவன்தான். நான் இதைச் சொன்னால் வகுப்பில் பெண்பிள்ளைகள் கைதட்டுவார்கள், பையன்கள் தரையைப் பார்ப்பார்கள். வீட்டில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆண் நேயர்களே, நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் தாமரை கூடிப்போனாலும் சிக்கல் உண்டு. பூவுக்காகக் குத்தகை எடுத்துக் குளம் முழுக்கத் தாமரை ஏற்றிவிட்டால் தாமரைக்கோழிக்குக் கொண்டாட்டம், திறந்த தண்ணீர் வேண்டிய வாத்துக்கும் கூழைக்கடாவுக்கும் இடம் இல்லை. தோவாளைச் சந்தைக்குப் பூ போக வேண்டியதும் நியாயம்தான். பாதிக் குளம் பூவுக்கு, பாதிக் குளம் வெறும் தண்ணீருக்கு என்று பிரித்துவைக்கலாமே என்பது என் எண்ணம்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு வாருங்கள், எட்டரைக்குள் திரும்பிவிடலாம். வெயில் முதுகில் படுகிற மாதிரி நில்லுங்கள். மண்நிறத்தில் உடுப்பு, கையில் தண்ணீர், எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற சாதாரண பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. சாலையோரம் என்பதால் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மண்கரை வழுக்கும். பொரி, பிஸ்கட் எதுவும் தண்ணீரில் போட வேண்டாம். கூடு கண்டால் படம் எடுக்கக் கிட்டப் போக வேண்டாம்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். கால் மணி நேரம் நின்று பார்த்ததை எழுதித் தந்தாலே அதில் சேரும். பெயர் தெரியாத பறவை என்றால் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேளுங்கள், அநேகமாக அது நானாக இருக்கும். தை மாதம் கரையில் சந்திப்போம்.