அம்பு சென்ற பிறகு



வில்லாண்மையைப் பற்றி நான் வகுப்பறையில் பலமுறை பேசியிருக்கிறேன். என் பாடம் புவியியல்தான். ஆயினும் தமிழாசிரியர் விடுப்பில் சென்ற நாள்களில் அவருடைய வகுப்பை வெறுமனே விடலாகாது என்று, புறநானூற்றில் வரும் வல்வில் ஓரியின் கதையை எடுத்துச் சொல்வேன். அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியை ஊடுருவி, முடிவில் புற்றிலிருந்த உடும்பின்மேல் போய்த் தைத்தது என்று கேட்டதும் பிள்ளைகள் ஆரவாரம் செய்வார்கள். அம்பு பட்ட அந்த மான் பிறகு என்னவாயிற்று என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. நானும் எண்ணிப் பார்த்ததில்லை. 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் ஓரிரவு, அமெரிக்க நாட்டில் முன்பின் அறியாத ஒரு காட்டில், ஈர மண்ணில் முழங்காலிட்டு ஊர்ந்துகொண்டே அந்தக் கேள்விக்கு விடை தேட நேர்ந்தது.

என் மகள் அப்போது விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் குடியிருந்தாள். பணியிலிருந்து ஓய்வுபெற்ற நானும் என் மனைவியும் சில மாதங்கள் அவளுடன் தங்கச் சென்றிருந்தோம். அடுத்த வீட்டில் இருந்தவர் ஒரு பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். ஆசிரியர் இருவர் அண்டை வீட்டில் அமைந்தால் நட்பு உண்டாக நாளாகாது. அவர் ஆண்டுதோறும் வில்லால் மான் வேட்டையாடுபவர். அதுவரை தம் நண்பர் ஒருவரின் பண்ணையில் வேட்டையாடி வந்தாராம். அந்தப் பண்ணை கைமாறிவிட்டது. ஆகவே அவ்வாண்டு வடக்கேயுள்ள அரசுக் காட்டுக்குச் செல்லத் தீர்மானித்திருந்தார். அங்கே அவர் அதற்கு முன் காலடி வைத்ததில்லை. “வரைபடம் படிக்கத் தெரிந்த துணை ஒருவர் வேண்டும், வருகிறீரா?” என்று கேட்டார்.

நான் புலால் உண்ணாதவன். “இந்த வயதில் அப்பாவுக்கு ஏன் இந்த வேலை?” என்று மகள் தடுத்தாள். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை; கம்பளிக் காலுறைகளை எடுத்துக் கொடுத்தாள். நான் போனதற்குக் காரணம் வேட்டையன்று, வரைபடம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சம உயரக் கோடுகளைக் கரும்பலகையில் வரைந்து கற்பித்தவன் நான். அக்கோடுகளை நம்பி ஒரு காட்டில் ஒரு மைல் நடந்ததில்லை என்ற வெட்கம் என் உள்ளத்தில் நெடுநாளாக இருந்தது.

மேலே செல்லுமுன் ஒன்று கூறிவிட வேண்டும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். அந்த நாட்டில் வழி வேறு. அங்கேயும் 1900ஆம் ஆண்டளவில் வெண்வால் மான்கள் அழியும் நிலைக்கு வந்துவிட்டன. நாடு முழுவதிலும் ஐந்து இலட்சமே எஞ்சியிருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். பிறகு சந்தையில் விற்பதற்காகக் கொல்லுவதைத் தடுத்தார்கள், வேட்டைக்குப் பருவம் வகுத்தார்கள், உரிமம் விதித்தார்கள். 1937இல் இயற்றிய ஒரு சட்டத்தால் வேட்டைத் துப்பாக்கிகளின்மீதும் தோட்டாக்களின்மீதும் தண்டிய வரியைக் காட்டுயிர்களின் நலத்துக்கே செலவிட்டார்கள். அந்த வரிக்குள் வில்லும் அம்பும் வந்தது 1972இல். அதே ஆண்டில் இரு நாடுகள் இரு வேறு வழிகளில் திரும்பியதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. இன்று அங்கே வெண்வால் மான்கள் ஏறத்தாழ மூன்று கோடி என்கின்றனர். வில் வேட்டைக்கென்று தனிப் பருவம் ஒன்றை 1934இல் முதலில் வகுத்த மாநிலம் விஸ்கான்சின்தான்.

நாங்கள் சென்ற காட்டின் பெயர் ஷெவாமெகன்–நிக்கலே தேசியக் காடு. மேடிசனிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓடிற்று. பதினைந்து இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடையது அது. ஆனால் அது தொன்மையான காடன்று என்று நண்பர் வழியில் விளக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வணிகர்கள் அங்கிருந்த பைன் மரங்களை அடியோடு வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். வெட்டவெளியில் அடிக்கட்டைகளைப் பறித்து உழவு செய்ய ஏழை மக்கள் குடியேறினார்கள். கோடையோ குறுகியது, மண்ணோ கல்லும் மணலும். வரி கட்டவும் வழியின்றி நிலத்தை விட்டுப் போனார்கள். எவருக்கும் வேண்டாத அந்த நிலத்தை அரசு விலைக்கு வாங்கி, 1933இல் தேசியக் காடாக அறிவித்து, வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு மரம் நடச் செய்தது. இன்று உரிமம் பெற்ற எவரும் அதில் புகுந்து வேட்டையாடலாம். வேலி இல்லை, ‘யார் நீ?’ என்று கேட்பார் இல்லை. ‘இந்த ஓடைக்கு அப்பால் போகாதே, சேறு விழுங்கும்’ என்று சொல்லித் தருவாரும் இல்லை. பண்ணையில் நண்பரின் அறிவு அவர் காலிலேயே இருந்தது. இங்கே எல்லாவற்றையும் கண்ணால் படித்தாக வேண்டும்.

முதல் இரண்டு நாள்கள் நாங்கள் வில்லை வளைக்கவே இல்லை. படித்தோம். வரைபடத்தில் இரண்டு சதுப்பு நிலங்களுக்கு இடையே கோடுகள் நெருங்கிய ஓர் இடத்தைக் காட்டி, “மான் சேற்றைச் சுற்றிக்கொண்டு இந்தக் குறுகிய மேட்டின் வழியாகத்தான் போகும் என்று நினைக்கிறேன்” என்றேன். சென்று பார்த்தபோது அங்கே ஓக் மரங்கள் கொட்டைகளை உதிர்த்திருந்தன. ஆண்மான் கொம்பைத் தேய்த்துப் பட்டை உரித்த இளமரங்கள் மூன்று வரிசையாக நின்றன. பள்ளி நாள்களில் மாவட்ட அளவில் முதல் மதிப்பெண் வாங்கிய மாணவனைப் பார்த்தபோதுகூட எனக்கு அத்தனை மகிழ்ச்சி உண்டானதில்லை.

மானுக்குக் கண்ணைவிட மூக்குக் கூர்மை. நண்பர் தம் பையில் ஒருவகைச் செடியின் பஞ்சு விதைகளை வைத்திருந்தார். பார்த்ததும் நம்மூர் எருக்கம் பஞ்சு என்றே நினைத்தேன். உண்மையில் அச்செடி எருக்குக்கு உறவுதான். ஒரு விதையைப் பறக்கவிட்டுக் காற்று எங்கே போகிறது என்று பார்ப்பார். மாலையில் குளிர்ந்த காற்று நீர்போலத் தாழ்வை நோக்கி வழியும். காலையில் வெயில் ஏற ஏற மேலே எழும். இந்தச் செய்தியைப் பாடநூலில் வைத்து நான் கற்பித்தது உண்டு. அந்தப் பஞ்சு என் கண்முன் சரிவில் இறங்கிப் போனதைக் கண்டபோது, நான் கற்பித்தது மெய்தான் என்று ஓய்வுபெற்ற பிறகு நம்பிக்கை வந்தது.

இருபது கெஜத்துக்கு மேல் எய்வதில்லை என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட விதி. அதற்கு அவர் கணக்குச் சொன்னார். அவருடைய வில்லிலிருந்து அம்பு நொடிக்கு ஏறத்தாழ 180 அடி செல்லும். இருபது கெஜம் என்பது 60 அடி. ஆகவே மூன்றில் ஒரு பங்கு நொடி ஆகும். ஒலியோ நொடிக்கு 1,100 அடி. நாணின் ஓசை அம்புக்கு முன்னரே மானின் காதில் விழுந்துவிடும். அந்த இடைவெளியில் மான் ஓர் அடி நகர்ந்தால் போதும், அம்பு இதயத்துக்கு நேரே செல்லாது.

மூன்றாம் நாள் அதுவே நடந்தது. விழுந்து கிடந்த ஒரு பெருமரத்தின் பின்னே இருவரும் அமர்ந்திருந்தோம். மாலை ஐந்தேகால் மணி. ஆண்மான் ஒன்று தலையைத் தாழ்த்தி, ஓக் கொட்டைகளை மென்றபடி வந்தது. அதன் மூச்சு ஆவியாவதை நான் கண்டேன். பதினெட்டு கெஜம் இருக்கும். நாண் விடுபட்ட அதே கணத்தில் மான் ஓர் அடி முன்னே எடுத்து வைத்தது. ‘தப்’ என்ற ஓசை, ஒரு துள்ளல், பிறகு சருகுகள் நொறுங்கும் ஒலி, பிறகு ஒன்றுமில்லை.

நண்பர் எழவில்லை. அரை மணி நேரம் கழித்து மெல்லச் சென்று, ஊடுருவி மண்ணில் கிடந்த அம்பை எடுத்து வந்தார். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிற்று. நுரையுடன் இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரலில் பட்டது என்று பொருள். மான் அருகிலேயே விழுந்திருக்கும். அம்பில் இருந்ததோ கருஞ்சிவப்பு. கல்லீரலில் பட்டிருக்கிறது. “சாவு உறுதி, ஆனால் உடனே அன்று. நான்கு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்” என்றார்.

நாங்கள் ஓசையின்றி ஒரு மைல் நடந்து வண்டிக்குத் திரும்பினோம். இருட்டிவிட்டது. சட்டப்படி இனி வில்லுக்கு வேலையில்லை; அதை உறையிலிட்டு வண்டியில் வைத்தார். எட்டு மணிக்குக் கண்ணாடியில் ஒரு மழைத்துளி விழுந்தது, பிறகு இன்னொன்று. மழை பெய்தால் இரத்தத் தடம் கழுவுண்டு போகும். “இப்போதே போனால் என்ன?” என்றேன். “படுத்திருக்கும் மான் எழுந்து ஓடும். ஓடினால் சதுப்பில் இன்னும் ஒரு மைல் போகும், துன்பமும் நீளும். போகாவிட்டால் தடம் அழியும்” என்றார். கதவின் கைப்பிடியில் வைத்த கையை அவர் எடுக்கவும் இல்லை, திருகவும் இல்லை. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தார். அந்த மானைக் காணாவிட்டால், அதைக் கொன்றதாகவே கணக்கிட்டு அவ்வாண்டு இனி வில்லைத் தொடுவதில்லை என்று மட்டும் ஒருமுறை சொன்னார். ஒன்பது மணிக்கு, மழை சற்றே வலுத்ததும், குறித்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே இறங்கினோம். அது சரியா தவறா என்று அவருக்கே தெரியவில்லை.

டார்ச்சு விளக்கின் ஒளியில் தேடினோம். இலையுதிர் காலத்து மேப்பிள் இலைகளில் இயல்பாகவே செம்புள்ளிகள் உண்டு. ஆயிரம் இலைகள், ஆயிரம் புள்ளிகள். ஈர விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். இரத்தமானால் பரவும், இலையின் நிறமானால் பரவாது. கண்ட இடந்தோறும் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைக் கிளையில் செருகினோம். அறுபது அடிவரை தடம் தெளிவாக இருந்தது. பிறகு இல்லை. அவர் முன்னே வட்டமிட்டுத் தேடினார். நான் கடைசிக் காகிதத்தின் அருகில் முழங்காலிட்டு, விடைத்தாள் திருத்துகிறவனைப்போல ஒவ்வோர் இலையாகப் பார்த்தேன். ஒரு பெரணியின் இலை மடங்கியிருந்தது. அதைத் திருப்பினேன். மழை படாத அடிப்புறத்தில் ஒரு கோடு, விரல் வைத்தேன், பரவிற்று. நான் கத்திய கத்தலை அந்தக் காடு இன்னும் மறந்திராது.

திரும்பிப் பார்த்தோம். காகிதங்கள் ஒரே கோட்டில் நின்றன. அந்தக் கோடு செடார் மரச் சதுப்பை நோக்கிச் சென்றது. காயம்பட்ட மான் பெரும்பாலும் நீரை நாடும் என்றார் அவர். முழங்கால் ஆழச் சேற்றில், இருநூறு அடி தொலைவில், ஒரு புல்திட்டின்மேல் அது படுத்திருந்தது. உயிர் போய்ச் சிறிது நேரம்தான் ஆகியிருக்க வேண்டும். உடலில் சூடு இருந்தது. நண்பர் அதன் கழுத்தில் கை வைத்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் விளக்கை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

திரும்பும் வேளையில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. தலை குனிந்தே நடந்ததால் திசை மறந்துபோயிற்று. கைப்பேசி குளிரில் உயிரை விட்டிருந்தது. நண்பர், “வண்டி இடப்புறம், எனக்கு நிச்சயமாகத் தெரியும்” என்றார். திசைகாட்டியை எடுத்துப் பார்த்தேன். சாலை இருந்த மேற்குத் திசை வலப்புறம். “மானின் அருகே ஏதாவது இரும்பு இருக்கலாம், முள் பொய் சொல்கிறது” என்றார். சதுப்பில் ஏது இரும்பு? அப்பகுதியில் காந்த வடக்கும் மெய் வடக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் திருத்தக் கணக்கும் வேண்டியதில்லை. “ஐயா, உம் வில்லை நான் கேள்வி கேட்கவில்லை, என் முள்ளை நீர் கேள்வி கேட்காதீர்” என்றேன். பேச்சில்லாமல் வலப்புறம் இழுத்துக்கொண்டு நடந்தோம். மானின் கனம் இத்தனை என்று அன்றுதான் அறிந்தேன். இரண்டு மணிக்குச் சாலை வந்தது. வண்டி முந்நூறு அடி தள்ளி நின்றது. அவர் சிரிக்கவில்லை, என் தோளைத் தட்டினார்.

மறுநாள் அருகிலுள்ள சிற்றூருக்கு வந்ததும் கைப்பேசிக்கு உயிர் ஊட்டி, கொன்ற மானை அரசிடம் பதிவு செய்தார். அங்கே அது கட்டாயம். ஒவ்வொரு கேள்வியாக வந்தது. ஆணா, பெண்ணா? எந்த மாவட்டம்? தனியார் நிலமா, பொது நிலமா? இந்தக் கேள்விக்கு மட்டும் சற்றுத் தயங்கி என்னைப் பார்த்துவிட்டு, “பொது நிலம்” என்று பதிவு செய்தார். பிறகு வரைபடத்தை விரித்து, அந்தப் புல்திட்டு இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, மடித்து என்னிடம் தந்தார். அந்தப் படம் என் மேசையில் இருக்கிறது. அதன் ஒரு மூலையில், ஈர விரலால் தொட்டால் இப்போதும் பரவுமோ என்று தோன்றும்படி, ஒரு பழுப்புக் கறை உண்டு.