ஆங்கில இலக்கியக் கல்வியும் நம் இளைஞர் எதிர்காலமும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இன்று ஒரே வினா. பொறியியலா, செவிலியமா, கணினியா? அங்கே ஒரு மகள் எழுந்து, "ஆங்கில இலக்கியம் படிக்கிறேன்" என்றால், "கதையும் கவிதையும் சோறு போடுமா?" என்று கேட்கிறார்கள். நாட்கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டணம் கட்டும் பெற்றோர் அவ்வாறு கேட்பது குற்றமன்று. அவ்வினாவுக்கு நேர்மையான விடை கூறுவது நம் கடமை.

மொழிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைக் காரைக்கால் மண் நன்கறியும். 1954 நவம்பர் 1 வரை இங்கே ஆட்சி பிரெஞ்சு மொழியில் நடந்தது. 1881ஆம் ஆண்டு ஆணையின் வழியே தம் பழைய சாதிவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்களில் ஒடுக்கப்பட்டோர் பலர் இருந்தனர். மொழி அறிந்தவனுக்கு அலுவலகத்தின் கதவு திறந்தது. அறியாதவன் பத்திரத்தில் பெருவிரலை ஒற்றிவிட்டுத் திரும்பினான். கொடி மாறியது, பிரெஞ்சு இருந்த இடத்தில் ஆங்கிலம் அமர்ந்தது. வாசலில் நிற்பவர் மட்டும் மாறாதிருத்தல் தகுமோ?

நம் முன்னோடிகள் இதை உணர்ந்திருந்தனர். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் மக்களின் சார்பில் அமர்ந்தவர்கள் இருவர்: அண்ணல் அம்பேத்கர், நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசனார். உலகம் கேட்கும் மொழியில் நம் குறையை எடுத்துரைக்க அவர்களால் இயன்றது. 1936இல் அண்ணல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதே. அவருக்கு ஆங்கிலம் பகட்டுக்கு அணியும் சட்டையாக இருந்ததில்லை. வழக்காடும் கருவியாக இருந்தது.

ஆனால் ஆங்கிலம் பேசப் பழகுவது வேறு. ஆங்கில இலக்கியம் பயில்வது வேறு. சாசரும் சேக்சுபியரும் மட்டுமே அப்பாடம் என எண்ணற்க. ஆப்பிரிக்க இலக்கியமும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் எழுத்தும் இந்திய எழுத்தும் அதனுள் அடங்கும். பாமா அவர்கள் 1992இல் தமிழில் எழுதிய 'கருக்கு', லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பால் ஆங்கில வகுப்பறைகளுக்குள் நுழைந்தது. 'பழையன கழிதலும்' புதினத்தை எழுதிய சிவகாமி அவர்கள் அதனைத் தாமே ஆங்கிலத்தில் ஆக்கினார். நமக்கு அண்மையிலுள்ள கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் தீக்கிரையாயின. அந்தக் கொடுமையைக் கருவாகக் கொண்டு மீனா கந்தசாமி எழுதிய ஆங்கிலப் புதினம் 2014இல் வெளிவந்தது. நம் கதையை உலகுக்குச் சொல்லும் பணி இன்னும் மலைபோல் கிடக்கிறது. அதைச் செய்ய வேண்டியவர் யார்? நம் பிள்ளைகள் அல்லரோ!

இனி, சோற்றுக்கு வருவோம். இளங்கலைப் பட்டம் ஒன்றே வேலை தந்துவிடாது. அது படிக்கட்டின் முதற்படி. பி.எட். பட்டமும் ஆசிரியர் தகுதித் தேர்வும் சேர்ந்தால் பள்ளி ஆசிரியர் பணிக்கு முயலலாம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்திற்கு மாறியுள்ள இந்நாளில் நல்ல ஆங்கில ஆசிரியரின் தேவையை விளக்க வேண்டியதில்லை. முதுகலையும் நெட் தேர்வும் அல்லது முனைவர் பட்டமும் கல்லூரி ஆசிரியர் பணிக்கு வழி. நெட் வழியே கல்லூரி ஆசிரியர் தகுதி பெற முதுகலையில் பொதுப் பிரிவினர்க்கு 55 விழுக்காடு வேண்டும். நம்மவர்க்கு 50 போதும். அத்தேர்வில் உயர்ந்த இடம் பெற்று இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானோர்க்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என உயர்த்தப்பட்டுள்ளது. பட்டியல் வகுப்பினர்க்கெனத் தேசிய ஆய்வு உதவித்தொகையும், வெளிநாட்டில் பயிலத் தனி உதவித்தொகையும் உள்ளன. பட்டத்துக்குப் பின் சட்டம் பயிலலாம், இதழியல் பயிலலாம், குடிமைப் பணித் தேர்வில் ஆங்கில இலக்கியத்தையே விருப்பப் பாடமாக எடுக்கலாம்.

நம் திருவேட்டக்குடியிலேயே 2010இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகம் எழுந்து நிற்கிறது. பொறியியல் பயிலும் அவ்விடத்திலும் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். அவ்வளாகம் நாம் சாலையில் நின்று பார்க்கும் கட்டடமாக மட்டும் இருத்தலாகாது. நம் தெருவிலிருந்து ஒருவர் அங்கே விரிவுரை ஆற்றச் செல்லும் நாள் வர வேண்டும்.

இடர்களையும் மறைத்தல் கூடாது. தனியார் கல்லூரிகளில் தொடக்க ஊதியம் சிறிது. அரசுப் பணிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். எளிய மொழிபெயர்ப்பைக் கணினியே செய்துவிடும் காலம் இது. எனவே இரு மொழியிலும் ஆழமுடையவர்க்கே இனி மதிப்பு. தமிழ்வழிப் பயின்று கல்லூரி சேரும் நம் பிள்ளை முதலாண்டில் திகைத்து நிற்பதும் உண்டு. அத்திகைப்பு அறிவுக் குறைவன்று, வாய்ப்புக் குறைவே. நாள்தோறும் ஆங்கில நாளிதழில் ஒரு பக்கம், வாரம் ஒரு சிறுகதை, அகராதி ஒன்று கையில்: இப்படி ஓராண்டு உழைத்தால் அது தீரும். கடைகளில் விற்கும் குறிப்புப் புத்தகங்களை மனனம் செய்து தேறியவர் நேர்முகத் தேர்வில் வாய் திறக்க மாட்டார். மூல நூலைப் படியுங்கள். தமிழைக் கைவிடாதீர்கள், தமிழ் அறியாத ஆங்கிலப் பட்டதாரியால் நம் மக்களுக்குப் பயன் பாதியே.

தொலைவு செல்ல இயலாதோர் கவலற்க. காரைக்காலிலுள்ள அறிஞர் அண்ணா அரசுக் கல்லூரியிலும் ஔவையார் அரசு மகளிர் கல்லூரியிலும் ஆங்கில இளங்கலை உண்டு. 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஒப்பிலக்கியமும் இணைந்த முதுகலை உண்டு. அதற்குப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சாதிச் சான்றிதழையும் இருப்பிடச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் கடைசி நாளில் தேடாமல் முன்னரே பெற்று வையுங்கள். மதிப்பெண் இருந்தும் தாள் இல்லாமையால் இடம் இழத்தல் நமக்கு நேரலாகாது.

பெற்றோர்களே, விருப்பமும் உழைப்பும் உள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள். விருப்பமில்லாத பிள்ளையைப் பெருமைக்காகத் தள்ளவும் வேண்டாம். சங்கத்தின் மாலை வகுப்பறையில் ஆங்கில நூல்களுக்கென ஓர் அலமாரி வைப்போம். பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் வாரம் ஒரு மணி நேரம் இளையவர்க்குப் பாடம் சொல்வோம். நம் பெற்றோரின் பெருவிரல் ஒற்றிய இடத்தில் நம் பிள்ளைகள் பெயரெழுதிக் கையொப்பமிட 25 ஆண்டுகள் உழைத்தோம். அடுத்த 25 ஆண்டுகளில் அவர்கள் நூல் எழுதட்டும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!