பாட்டும் திண்ணையும்

கேட்க விரும்பிய பாட்டு, விரும்பிய கணமே கைக்குள் ஒலிக்கும் காலம் இது. அதன் அருமையை நான் மறுப்பவன் அல்லன். ஆயினும், பாட்டுக்காகக் காத்திருந்து கேட்ட நாளில் ஒரு தனிச்சுவை இருந்தது.

அரக்குக் கலந்து செய்த இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடமே பாட்டு. 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் நெடுந்தட்டை வெளியிடும் வரையில் இதுவே பெருவழக்கு. மேடையில் ஓர் இராகத்தை ஒரு மணி நேரம் விரிக்க வல்ல வித்துவானும், தட்டுக்காக அதனைச் சாறாகப் பிழிந்து தரவேண்டியிருந்தது.

கேட்பவர்க்கும் வேலை உண்டு. சாவி கொடுக்க வேண்டும்; எஃகு ஊசியை மாற்ற வேண்டும்; பக்கம் முடிந்ததும் எழுந்து தட்டைப் புரட்ட வேண்டும். இத்தனை பாடுபட்டு வைத்த பாட்டைப் பாதியில் நிறுத்துவார் உண்டோ? எங்கள் தெருவில் கிராமபோன் பெட்டி இருந்த வீடு ஒன்றே. மாலையில் அதன் திண்ணை நிறைந்துவிடும். தேய்ந்த தட்டில் ஊசி சிக்கி, ஒரே சொல் திரும்பத் திரும்ப ஒலிக்கையில் அனைவரும் சேர்ந்து சிரிப்போம். பாட்டு மீண்டும் ஓடத் தொடங்கினால் சேர்ந்தே மௌனமாவோம்.

இன்று பல்லாயிரம் பாட்டுகள் சட்டைப்பைக்குள் இருக்கின்றன. ஆனால், அருகில் அமர்ந்திருப்பவர் செவியில் என்ன ஒலிக்கிறது என்பதை நாம் அறியோம். எனக்கு ஏக்கம் தருவது அந்தத் திண்ணையே. அதை மீட்கப் பழைய பெட்டி தேவையில்லை. இன்றிரவு ஒரு பாட்டைத் தெரிந்தெடுத்து, வீட்டார் அனைவரும் கேட்குமாறு, முடியும்வரை ஒலிக்கவிடுங்கள்.