மலையில் கொதிக்கும் கோழிக் குழம்பு

2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் நாட்டுக்கோழி வேக நேரமாகும். வேகவில்லையே என்று தண்ணீரையும், சப்பென்றிருக்கிறதே என்று மிளகாய்த்தூளையும் மாறி மாறிச் சேர்த்தால் குழம்பு கெட்டுப்போகும். குக்கரில் வையுங்கள்.

காரம் கூடிவிட்டதா? மிளகாயின் கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து கோத்தகிரி, கூடலூர் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த நம் மக்களுக்குக் காரத்தைத் தேங்காய்ப்பாலால் தணிப்பது கைப்பழக்கம். வறுத்து அரைத்த தூளில் கொதிக்கும் கருஞ்சிவப்புக் குழம்பில், இறக்கும் நேரத்தில் கெட்டித் தேங்காய்ப்பால் விழும். நிறம் இளகும், ஓரத்தில் எண்ணெய் மினுங்கும். நாக்கும் தப்பிக்கும், ருசியும் குறையாது.

இன்று மிளகாயைப் பாதியாக்கி, மிளகைக் கூட்டிப் பாருங்கள். குழந்தைகளின் பங்கில் மட்டும் இன்னும் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் ஊற்றுங்கள்.